வெள்ளிக்கிழமைப் புகை

ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எங்கள் ஒரே மகளுக்கு ஆறு வயதில் வந்த இழுப்பு பதினாலு வயதாகியும் விடவில்லை. தயிரை நிறுத்தினேன், வாழைப்பழத்தை நிறுத்தினேன். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வளர்ந்தும் அவள் ஒரு சுளை தின்றதில்லை.

மலையில் மழைக்காலத்தில் துணியே காயாது. அவளுக்கோ இடுப்பு வரை முடி. வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு ஊற்றிவிட்டு, கதவு ஜன்னலை அடைத்து, தணலில் சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியைப் பரப்பிவிடுவேன். ஈரம் இறங்கினால் சளி கட்டும், சளி கட்டினால் இழுப்பு வரும் என்பது என் கணக்கு. சாயங்காலம் மூச்சு வாங்கினால் இன்னொரு பிடி போடுவேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. எஸ்டேட் ஜீப்பில் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, சேலத்துக்கார நர்ஸ் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பெப்ப கண்ணு மூச்சு முட்டுது?"

தயிர், வாழைப்பழம் என்று நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஏனுங்கக்கா, மூச்சு முட்டுறது உங்களுக்கா? அவ சொல்லட்டுங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருஷமாக அவளுக்காக நான்தான் பதில் சொல்லி வந்திருந்தேன்.

இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது, மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவது என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தார். நன்றாக இருக்கிற நாளிலும் காலையும் ராத்திரியும் விடாமல் எடுக்க வேண்டும். தினமும் மூச்சு எப்படி இருந்தது, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

"நீயே எழுது சாமி. அம்மாகிட்டக் குடுத்தீன்னா எல்லாத்துக்கும் தயிர்தான் காரணம்னு எழுதிருவாங்க."

மகள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஒரு மாதம் கழித்து, நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது நோட்டைக் கொண்டுவந்து பிரித்தாள். "நாலு தடவை வந்திருக்குதும்மா. நாலும் வெள்ளிக்கிழமை."

"அன்னைக்குத்தானே தலைக்கு ஊத்தறோம். ஈரம்."

"போன வாரம் பரீட்சைன்னு நான் தலைக்கு ஊத்தலையே. நீங்க சாமிக்குப் புகை மட்டும்தான் போட்டீங்க. அப்பவும் வந்துச்சுங்களே."

களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். நோய் தீர வேண்டும் என்று பிடி பிடியாக நான்தான் அதை வளர்த்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ள வாய் வராமல், "அப்ப முடி எப்படிக் காயும்?" என்றேன்.

"காயலைன்னா தும்முவேன். அவ்வளவுதானுங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தலைக்குளியல். காப்பி காய வைக்கிற களத்தில், கொட்டைகளுக்குப் பக்கத்தில் அவள் முடியும் காய்ந்தது. சாமிக்கு விளக்கு மட்டும். இன்ஹேலரை எடுக்க அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கஷ்டப்பட்டுப் பழகியது நான்தான். அவள் தூங்கும்போது முதுகில் காதை வைத்துக் கேட்கிற என் வழக்கம் போக ஒரு வருஷம் ஆனது. ஆனால் போயிற்று. இழுப்பு அடியோடு போகவில்லை. வந்தால் என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலுக்கு அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, வார்டனுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பையில ஒரு இன்ஹேலர், பெட்டியில ஒண்ணு. நானே சொல்லிக்கறேனுங்கம்மா."

பஸ் முதல் வளைவில் திரும்புகிற வரை நின்றேன்.

இன்றைக்கும் யார் வீட்டிலாவது சாம்பிராணி மணம் வந்தால் நான் முதலில் அவள் உதட்டைத்தான் பார்க்கிறேன். அவளுக்கு அந்தப் பயம் இல்லை. பேச்சை நிறுத்தாமலே எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்று மீதியைப் பேசுகிறாள்.