விளிம்பில் எழாத எண்கள்

சொந்தபந்தத்தில் அவருக்குக் கோலிக்காரர் என்று பெயர். கோலி விளையாடுகிற வயதைத் தாண்டி அரை நூற்றாண்டு ஆகிறது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களைக் கழுவிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். சுருளில் படத்தை எழவைக்கும் மருந்தான டெவலப்பருக்குக் காற்றுதான் எமன். பாட்டிலில் பாதி தீர்ந்தால் மீதி இடத்தில் காற்று புகுந்து மருந்தைக் கெடுத்துவிடும். அதனால் எடுக்க எடுக்கக் கண்ணாடிக் கோலிகளை உள்ளே போட்டு, மட்டத்தைக் கழுத்துவரை ஏற்றி, மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வைப்பார்.

இவ்வளவு பக்குவம் பார்க்கிற மனிதர், கரைத்த தேதியை மட்டும் பாட்டிலில் எழுத மாட்டார். மனைவி சீட்டு வெட்டிக் கொடுத்துப் பார்த்துச் சலித்துவிட்டார். நல்ல மருந்து தண்ணீர் மாதிரி இருக்கும், கெட்டது டீ மாதிரி பழுத்துவிடும், இதற்குத் தேதி எதற்கு என்பது அவர் வாதம். முப்பது வருடமாக அவர் கண் ஏமாந்ததில்லை. தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம்.

தங்கையின் கணவர் மாரடைப்பில் போன மூன்றாம் வாரம், தங்கை இறந்தவருடைய கேமராவைக் கொண்டுவந்தாள். உள்ளே எடுத்து முடித்த சுருள் ஒன்று இருந்தது. கடைசியாகக் கடற்கரைக்குப் போனபோது எடுத்தது. அவர் அவளையே எடுத்துக்கொண்டிருந்தாராம்; அவள்தான் கேமராவைப் பிடுங்கி அவரை நாலு படம் எடுத்தாளாம்.

"அவர் சிரிக்கிற மாதிரி ஒரு படம்கூட வீட்ல இல்லண்ணா," என்றாள்.

அவளை முன்னறையில் உட்காரவைத்துவிட்டுக் கோலிக்காரர் உள்ளே போனார். பாட்டிலில் இருந்தது புதுவகைப் பொடியைக் கரைத்த மருந்து. நிறம் மாறாமலே இது செத்துப்போகும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. அவர் பெட்டியைப் படித்தால்தானே. எப்போது கரைத்தோம் என்று யோசித்தார். மழைக்கு முன்பா, பின்பா? பாட்டிலை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. சுருளின் நுனியைக் கொஞ்சம் வெட்டி வெளிச்சத்திலேயே மருந்தில் முக்கினால், ஐந்து நிமிடத்தில் கறுக்க வேண்டும். கறுக்காவிட்டால் மருந்து செத்தது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவர், அன்று தனக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

கழுவிய சுருள் வெறும் கண்ணாடியாக வெளியே வந்தது. அவர் கண் விளிம்புக்குப் போனது. ஒரு படமும் எடுக்காத சுருளைக் கழுவினாலும், தொழிற்சாலையில் பதித்த எண்கள் விளிம்பில் கறுப்பாக எழும். அவைகூட எழவில்லை. அப்படியானால் தப்பு மருந்தில்தான்.

உண்மையைச் சொல்லத்தான் முன்னறைக்கு வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வேறு வந்தது.

"படம் எதுவும் விழலம்மா. மாப்பிள்ளை சுருளச் சரியா மாட்டல போலிருக்கு."

எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாதவர் தலையில் பழியைப் போட்டார்.

தங்கை முதலில் அழுதாள். பிறகு அவளுக்குக் கணவர் மேல் கோபம் வந்தது. போகப்போக அந்தக் கோபம் குடும்பத்தில் கேலிப் பேச்சாகிவிட்டது. குழாய் ஒழுகினாலும் பூட்டு மக்கர் செய்தாலும், சுருள் மாட்டத் தெரியாத மனுஷன் வாங்கினது வேறெப்படி இருக்கும் என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். கோலிக்காரரும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூசுவார்.

நாலு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் அவள் கேமராவோடு கடைக்கு வந்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது, யாருக்காவது கொடுத்துவிடு என்று மேஜைமேல் வைத்தாள்.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஒளித்துவைத்திருந்த வெற்றுச் சுருளை எடுத்தார். பக்கத்தில் வேறொரு நல்ல சுருளை விரித்து, விளிம்பில் எண் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினார். பாட்டில், எழுதாத தேதி, முக்கிப் பார்க்காத நுனி, கடைசியில் பொய். ஒன்று விடாமல் சொன்னார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் கேமராவை மறுபடி தன் பக்கம் இழுத்து, முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"மருந்து கெட்டதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்லலண்ணா," என்றாள். "நாலு மாசமா அந்த மனுஷன வாய்க்கு வந்தபடி பேசிட்டிருந்தேன். நீ பக்கத்துலயே உக்காந்து சிரிச்சியே."