அம்மாவிடம் சொல்லாத பாடம்

ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளியில் பயோடெக்னாலஜியும் ஒரு பாடம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அதை எடுத்ததற்கு ஒரே காரணம் என் அண்ணன். சின்ன வயதில் அடிக்கடி விழ ஆரம்பித்து, பிறகு எழுந்து நிற்கவே முடியாமல் போனவன். மதுரையில் தசைநோய் என்றார்கள், குணமாக்க மருந்து இல்லை என்றார்கள். அம்மா அதை நம்பவில்லை. குழந்தையில் அவனுக்கு வந்த காய்ச்சலைத் தான் கவனிக்காமல் விட்டதால்தான் இப்படி ஆனது என்பாள்.

"நீ படிச்சு எனக்கு ஒரு ஊசி கண்டுபிடிட்டி" என்று அண்ணன் சிரிப்பான். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

பரம்பரை நோய்களைப் பற்றிய பாடம் வந்தது. டீச்சர் போர்டில் ஒரு குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாயை ஒன்றும் செய்யாமல், அவள் வழியாக மகனுக்கு வரும் தசைநோய் ஒன்று உண்டு என்றார். அம்மாவின் தம்பியும் நடக்க முடியாமல் கிடந்து சிறுவயதில் செத்தவர். போலியோ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நோட்டில் அம்மாவுக்கு ஒரு வட்டமும், மாமாவுக்கும் அண்ணனுக்கும் சதுரமும் வரைந்தேன்.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் மருந்தைப் பற்றிக் கேட்டேன்.

"வெளிநாட்டுல என்னென்னமோ செஞ்சு பாக்காங்கம்மா. ஆனா போன தசை திரும்பி வராது. யாருக்குக் கேக்க?"

"சும்மாதான் டீச்சர்."

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று விடாமல் கேட்டான். சொல்லிவிட்டேன். அவன் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாட்ட சொல்லிராத. அவ காய்ச்சல்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

"ஒனக்கு மருந்து இல்லண்ணே."

"அது எனக்கு எப்பவோ தெரியும்ட்டி. நீ ஆசையாப் படிச்ச, அதான் பேசாம இருந்தேன்."

பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே மூச்சு விட முடியாமல் அவன் போய்விட்டான். பயோடெக்னாலஜியில் நல்ல மார்க் வந்தது. கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன்.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்" என்று அம்மா இன்றும் அழுகிறாள். காய்ச்சலால் இல்லை என்று சொல்ல வாய் வருகிறது. சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பாள்.

இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்தக் கோளாறு என் ரத்தத்திலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க வழி உண்டு. ஆனால் எதற்கு இந்தச் சோதனை என்று முதலில் கேட்கப் போவது அம்மாதான். இன்னும் நான் போகவில்லை.