வாய் மட்டும் அசைந்த படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீதியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடைக்காரருக்குச் சினிமா ஆசை. எங்கள் கம்பெனி ஆட்களையே வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். போட்டுப் பார்த்தால் முழுக்கத் தையல் மிஷின் இரைச்சல். யார் பேசியதும் கேட்கவில்லை.

"அந்தச் சத்தத்தை எடுத்துடறனுங்க. நீங்க பின்னாலிருந்து, யாரு எவருன்னு சொல்லிட்டாப் போதுமுங்க" என்றார் என்னிடம்.

கடையின் ஜன்னலைச் சாத்திவிட்டு, வேர்வை வழிய மைக்கில் பேசினேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஒருவர் மிஷினிலிருந்து நிமிர்ந்து, கேமராவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார். "இவர் தெற்கேயிருந்து வந்தவர். இவர் சிரித்தால் பக்கத்து மிஷினில் தையல் கோணும்" என்று அதன்மேல் என் குரல் ஓடும். அவருக்கே அது ரொம்பப் பிடித்துப்போய், திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

கொஞ்ச நாளில் பல்லடம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார்.

ஊரில் காரியம் முடிந்தபின், மகனின் பெட்டியை எடுத்துப்போக அவருடைய அம்மா வந்தார். படத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்தான் வீடியோ கடைக்குக் கூட்டிப்போனேன்.

மகன் முகம் வந்ததும் அந்த அம்மா டி.வி.க்குக் கிட்டே நகர்ந்தார்.

"வாய் அசையுதே. என்ன சொல்லுதான்?"

"மிஷின் சத்தத்துல கேக்கலைம்மா."

"அப்ப பேசுறது யாரு?"

"நான்தாம்மா."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கய்யா. அவன் பேசட்டும்."

கடைக்காரர் ஒலியைக் குறைத்தார். மகன் சத்தமில்லாமல் சிரித்தார். முதலில் எடுத்த டேப் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன். "அதுமேல ஒரு வளைகாப்பைப் புடிச்சுட்டனுங்க" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அந்த டெய்லரின் பக்கத்து மிஷின்காரர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்பது ஒருவர் காதிலும் விழுந்திருக்கவில்லை.

படத்தை இன்னொரு கேசட்டில் பதிந்து அந்த அம்மாவிடம் கொடுத்தோம். "எங்க ஊர்ல கேசட் போட்டுப் பாக்க யார்ட்டயும் டெக் இல்லய்யா" என்றவர், ஆனாலும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ் ஏறும்போது கேட்டார்: "அவன் குரல் உங்க குரல் மாதிரி இருக்காதுல்லா? கொஞ்சம் கட்டையா இருக்கும்."

"ஆமாம்மா" என்றேன்.