டீ டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ

அந்தப் பெரிய கடையில் அவளுக்கு முட்டியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதைச் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும் படித்தார்கள். காலையில் கடை திறப்பதற்கு முன், பாதி விளக்குகள் எரியும்போதே, அவள் பொம்மை வரிசையில் முட்டி போட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்ந்து போவாள். முட்டிக்குக் கீழே இரண்டு பழைய பஞ்சுத் துண்டுகளைக் கட்டியிருப்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏதோ தொலைந்துவிட்டதென்று நினைத்துத் தாங்களும் குனிந்து தேடுவார்கள்.

உண்மையில் முதல் தடவை தொலைந்துதான் போயிருந்தது. அப்போது அவள் தரை துடைக்கிற வேலையில் இருந்தாள். காதுக் கம்மல் கழன்று அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. முட்டி போட்டுத் தேடியவள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். நின்றால் கண்ணுக்கு நேராகக் கரடி, குதிரை, ரயில் வண்டி எல்லாம் தெரிகிற வரிசையில், அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அட்டைப் பெட்டிகளின் அடிப்பாகம்தான் தெரிந்தது. கரடி யாருக்கு? குழந்தைக்கு. கரடியைப் பார்க்கிறது யார்? அப்பன். அப்பன் எதற்குக் கரடி வாங்கப் போகிறான்? கம்மலை மறந்துவிட்டு மேலாளரிடம் ஓடினாள். எதற்கெடுத்தாலும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிற அந்த மனிதரைக் கடையில் பல்லழகர் என்பார்கள். அவர் வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் அந்த வரிசையை அவளிடம் ஒப்படைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்தக் கடைக்கு வந்த அப்பா அம்மாக்களுக்கு நல்ல காலம் முடிந்தது. கரடிகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள். பாலையும் முட்டையையும் பொம்மை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். பால் வேண்டுமா, கரடிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு பெட்டியை மட்டும் தெரியாமல் கிழிந்த மாதிரி திறந்து வைப்பாள், சின்னக் கை உள்ளே போய் ரோமத்தைத் தடவிப் பார்க்கட்டும் என்று. கரடியின் முகத்தை லேசாக நடைபாதைப் பக்கம் திருப்பி வைப்பாள். "கரடி புள்ளையப் பாக்கணும். புள்ள கரடியப் பாக்குறது அப்புறம் தானா நடக்கும்" என்பாள். அந்த இடத்துக்குக் கடைக்காரர்கள் அழுமூலை என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகளாவது அங்கே தரையில் விழுந்து புரளாவிட்டால் பல்லழகருக்குச் சாப்பாடு இறங்காது. அவளுக்கு இரக்கமே வராதா என்றால், வரும். மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது வரும். கை கழுவியதும் போய்விடும்.

அந்த வருஷம் கடையில் இலவசம் போட்டார்கள். பில் போடும்போது மூடிய உறை ஒன்று தருவார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் கடல்பிராணி. மீன், கடல்குதிரை, நண்டு, ஆமை என்று பல. எது வரும் என்று பிரித்தால்தான் தெரியும். நண்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆமை கண்ணில்படவே இல்லை. ஊரே பைத்தியமானது. ஒரு யானையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குச் சோப்பு வாங்கிப் போனார்கள். பல் இல்லாத ஒரு கிழவர் ஆமைக்காக மூன்று பற்பசை வாங்கினார். பள்ளி வாத்தியார் ஒருவர் தன் மகளுக்காக ஒரு பொடியனிடம் பேரம் பேசி, இரண்டு மீனைக் கொடுத்து ஒரு நண்டை வாங்கிக்கொண்டு ஏமாந்து போனார். பெரிய வக்கீல் ஒருவர் பில் போடுகிற பெண்ணிடம் குரல் தழுதழுக்க, "எங்க வீட்டுக்கு மட்டும் நண்டாவே வருதே, நாங்க என்னம்மா பாவம் பண்ணோம்?" என்று கேட்டார். அந்தப் பெண் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில், கடையில் எதற்கும் அசராத குழந்தை ஒன்றே ஒன்று உண்டு. அது முட்டியக்காவின் மகள்.

ஏழு வயதுப் பெண். பொம்மை முன்னால் நின்றால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வழக்கு விசாரிக்கிற மாதிரி மேலும் கீழும் பார்ப்பாள். பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அதனால் அவள் அப்பா, லிப்ட் பழுது பார்க்கிறவர், அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். அது தானாக வந்த குணம் இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா கொடுத்த பயிற்சி.

"இது ஏன் இங்க இருக்கு?"

"என் கண்ணுக்கு நேரா இருக்கணும்னு."

"வச்சது யாரு?"

"நீ."

"ஷாம்பு பாட்டில்ல எதுக்கு நண்ட ஒட்டி வச்சிருக்காங்க?"

"அந்த ஷாம்பு பக்கம் யாரும் திரும்பியே பாக்கல. அதனால இலவசம் கட்டியிருக்காங்க."

"அப்ப நாம என்ன பண்ணணும்?"

"கேக்கக் கூடாது. கேட்டா ஏமாந்தோம்."

சோறு ஊட்டும்போதுகூட இதுதான் பாடம். முட்டியக்காவுக்கு இதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் எப்படியாவது பேச்சை அங்கே இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். "எம் பொண்ணு இதுவரைக்கும் ஒரு பொருள் வேணும்னு வாயத் தொறந்ததில்ல." கீழ்வீட்டு நர்ஸம்மாவின் மகன் ஆமைக்காக வாசற்படியில் தலையை முட்டிக்கொள்கிறவன். அந்த அம்மா பெருமூச்சு விட்டு, வீட்டில் குவிந்து கிடந்த நண்டுகளில் ஒன்றை ஜட்ஜம்மாவின் கையில் திணித்தாள். "நீயாவது வச்சுக்கோ கண்ணு. எங்க வீட்ல கால் வைக்க இடமில்ல." ஜட்ஜம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அதுவும் தானாகக் கேட்டு வாங்கியதில்லை என்று அம்மா ஊருக்கே சொன்னாள்.

ஒருநாள் காலை, தூக்கக் கலக்கத்தில் டீ டப்பாவை எடுக்கப் போன முட்டியக்காவின் கையில் ஷூ தட்டுப்பட்டது. மகளின் பள்ளிக்கூட ஷூ. சமையலறை அலமாரியில், டீ டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவில் ஜோடியாக உட்கார்ந்திருந்தது.

"என்னங்க! லிப்ட்டுலயே கெடந்து கெடந்து எது மேல, எது கீழன்னு மறந்துபோச்சா?"

"எனக்கென்ன தெரியும்? அதுக்குள்ள என் கட்டைவிரல்கூட போகாது."

ஷூவைத் தூக்கி வாசலில் போட்டாள். மறுநாள் மறுபடியும் அதே இடம். இந்தத் தடவை டீ டப்பா ஒரு சாண் உள்ளே தள்ளியிருந்தது. ஷூவைத் தாண்டிக் கையை விட்டால்தான் டீ. ஷூவின் மூக்கு லேசாக அவள் பக்கம் திரும்பியிருந்தது. அப்புறம் ஒருநாள் அவள் தலை வாருகிற கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. லேஸை அவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்து, உள்பக்கம் நன்றாகத் தெரிகிற மாதிரி. கடையில் யாராவது இப்படி ஒரு பொருளை வைத்திருந்தால் கூப்பிட்டு முதுகில் தட்டிக் கொடுத்திருப்பாள். வீட்டில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஷூவ யாருடி இங்க வச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

ஜட்ஜம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சும்மா. உன் கண்ணுக்குத் தெரியட்டும்னு."

"தெரியுது, தெரியுது. கொண்டுபோய்க் கீழ வை. வீடா இது, குப்பைமேடா?"

ஊர்ப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டிப்போடத் தெரிந்த மகராசி, தன் கண்ணுக்கு நேராக வைத்ததைப் பார்க்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அவளுக்கு அப்போது கடையில் ஆமை விஷயமாகத் தலைபோகிற வேலை.

அடுத்த நாள் ஷூ மறுபடி டீ டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தத் தடவை லேஸில் ஒரு ரப்பர் நண்டு கட்டியிருந்தது. முட்டியக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா உங்க பொண்ணோட வேலைய!" என்று கணவரிடம் காட்டினாள். நண்டை அவிழ்த்து ஜன்னலில் வைத்தாள். ஷூவை மகளின் காலருகே போட்டுவிட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடினாள். ஜட்ஜம்மா அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

மூன்று மணி வாக்கில் பல்லழகர், மிஞ்சிப்போன நண்டில் ஒரு பெட்டியை அவள் முன்னால் வைத்தார். "அந்தப் பச்சை ஷாம்பு இன்னும் அப்படியே நிக்குது முட்டியக்கா. ஒவ்வொண்ணுலயும் ஒரு நண்ட ஒட்டிருங்க."

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலில் நண்டை வைத்து டேப்பைச் சுற்றினாள். இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். கை நின்றுவிட்டது.

யாரும் திரும்பிப் பார்க்காத சரக்கோடுதான் இலவசத்தைக் கட்டுவார்கள். இதை அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், சோறு ஊட்டிக்கொண்டே. கண்ணுக்கு நேராக வைத்தாகிவிட்டது. டீக்குப் போகிற வழியில் வைத்தாகிவிட்டது. முகத்தைத் திருப்பி வைத்து, உள்ளே திறந்து காட்டியும் ஆகிவிட்டது. எதற்கும் அம்மா அசையவில்லை என்று கடைசியில் மகள் ஷூவில் நண்டைக் கட்டியிருக்கிறாள்.

"ஐயோ" என்றாள் முட்டியக்கா. சத்தமாகவே சொல்லிவிட்டாள். பச்சை ஷாம்புகளை அப்படியே போட்டுவிட்டு, பஞ்சுத் துண்டைக்கூட அவிழ்க்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள். பல்லழகர் முதல் தடவையாகச் சிரிக்காமல் நின்றார்.

ஜட்ஜம்மா அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கூடத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முட்டியக்கா கதவைத் திறந்த வேகத்தில் மகள் முன்னால் முட்டி போட்டாள். எத்தனையோ வருஷமாகக் கடையில் முட்டி போட்டவள், இந்த வீட்டில் முட்டி போட்டது அன்றைக்குத்தான். ஷூவுக்குள் கையை விட்டாள். நுனியில் துணி கிழிந்து மடங்கியிருந்தது. விரலை நீட்ட இடமில்லை. சாக்ஸை உருவினாள். சுண்டுவிரல் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"எப்பலேருந்துடி இப்படி?"

"போன லீவுலேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேட்ட மாதிரி ஆயிடும்ல. கேட்டா ஏமாந்தோம்." ஜட்ஜம்மா கொஞ்சம் யோசித்தாள். "அம்மா, நான் வச்ச எடம் தப்பா?"

முட்டியக்காவுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது. ஊரில் உள்ள குழந்தைகளின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். சொந்தப் பிள்ளையின் கால் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறதென்று தெரியவில்லை. இதில் வாய் ஓயாத பெருமை வேறு.

"எடம் பிரமாதம்டி கண்ணு. வாங்க வந்தவதான் முழு முட்டாள்" என்று சொல்லி, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜட்ஜம்மா எழுந்து நொண்டிக்கொண்டே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் செருப்புக் கடைக்குப் போனார்கள். நுழைந்ததும், குழந்தைகளின் கண்ணுக்கு நேராக, அழுத்தினால் விளக்கு எரிகிற ஷூக்கள் சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இலவச பலூன்கள். யாரோ நன்றாக வேலை தெரிந்தவள் வைத்திருக்கிறாள் என்று முட்டியக்காவுக்குத் தோன்றியது. ஜட்ஜம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி வேணும்?"

"நீயே வாங்கு."

"நீ கேளு."

ஜட்ஜம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது சூழ்ச்சியோ என்று. பிறகு பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, விரலை நீட்டினாள். "அந்த லைட்டு எரியிறது."

அது அவள் அளவில் இல்லை. கடைப் பெண் உள்ளே போய்த் தேடிவிட்டு, ஓர் அளவு சின்னதுதான் இருக்கிறது என்றாள்.

"அது வேணாம் கண்ணு, காலைக் கடிக்கும். வேற பாக்கலாம்."

"அதுதான் வேணும்."

"சின்னதுடி."

"எனக்கு அதுதான் வேணும்!"

ஜட்ஜம்மாவின் உதடு நடுங்கியது. அடுத்த நிமிஷம், கோர்ட்டாவது தீர்ப்பாவது, ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்த அத்தனையும் வெளியே வந்தது. தரையில் விழுந்தாள். உருண்டாள். காலை உதைத்தாள். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கதறினாள்.

"எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று லிப்ட்காரர் கையைப் பிசைந்தார்.

"பாக்கட்டுங்க. விடுங்க" என்றாள் முட்டியக்கா. இன்னும் அவிழ்க்காத பஞ்சுத் துண்டோடு மகள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அழுமூலையில் எத்தனையோ குழந்தைகள் கதறுவதைக் கேட்டிருக்கிறாள். ஒரு அழுகையைக் கேட்டு இத்தனை நிம்மதி அவளுக்கு வந்ததில்லை. கடைப் பெண் அவசரமாக ஒரு பலூனைக் கொண்டுவந்தாள். "மேடம், இது ஃப்ரீ. பாப்பா நிறுத்திடும்."

"வேணாம்மா. கொஞ்ச நேரம் அழட்டும்."

அழுது முடிந்து, மூக்கைத் துடைத்து, விரலுக்கு முன்னால் தாராளமாக இடம் இருக்கிற, விளக்கு எரியாத, சாதாரணக் கறுப்பு ஷூவை வாங்கினார்கள். ஜட்ஜம்மா உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நொண்டல் குறைந்திருந்தது. தெருமுனையில் நின்று, "எனக்கு அந்த பலூன் வேணும்" என்றாள்.

முட்டியக்கா அந்த பலூன் எதற்காக அங்கே இருக்கிறதென்று விளக்கவில்லை. வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போய், இறக்கிக்கொண்டிருந்த கடைக்கதவுக்கு அடியில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அந்த பலூன் இருந்தா ஒண்ணு குடும்மா" என்றாள். "எம் பொண்ணு கேட்டா."