சாயம் எறங்குது

சாயப்பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு எச்சில்கூடக் கலராகத்தான் வரும். சளி நீலம், வியர்வை சிவப்பு, பனியன் அலசிய தண்ணீர் பச்சை. அதனால் கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் பட்டறையில் அண்ணனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனபோது யாரும் பதறவில்லை. "சாயம் எறங்குது, நல்லதுதான்" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். அந்த வாயில் சூடு போட்டாலும் தகும்.

அப்பாவும் அண்ணனும் நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். ஒரே தொட்டி, ஒரே பொடி, ஒரே பீடிக்கட்டு. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டால் நூல் காயாது. அந்த நாட்களில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து பீடியாக ஊதித் தள்ளுவார்கள். அப்பாவுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அண்ணனுக்கு முப்பத்தாறு வயது. பதினாலு வயதில் தொட்டியில் கை வைத்தவன்.

சிவப்பு வருவதும் நிற்பதுமாக ஒரு வருசம் ஓடியது. நின்ற நாட்களில் சாயமெல்லாம் வெளியேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் கட்டியாக விழுந்தது. சாயம் கட்டியாக விழாது என்று அம்மாதான் முதலில் சொன்னாள்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தியாகதுருகம் தாண்டுவதற்குள் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் திரும்பிவிட்டது. ஒரு வாரம் வீட்டிலேயே கிடந்தோம். அந்த மரங்கள் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு வருசத்தை நாங்களே தின்றுவிட்டு, ஒரு வாரத்துக்காக யாரைத் திட்டுவது?

சிறுநீர்ப்பையில் புற்றுநோய், ஆழமாக இறங்கிவிட்டது என்றார் டாக்டர். அண்ணன் வெளியே பெஞ்சில் படுத்திருந்தான்; அம்மா ஊரில் இருந்தாள், உள்ளே அப்பாவும் நானும்தான். அப்பா நம்பவில்லை. "அதே தொட்டியிலதான் நானும் கெடக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே, அவனுக்கு மட்டும் இன்னாங்க?" என்று கேட்டார்.

டாக்டர், பையன் எப்போதாவது டி.பி. மாத்திரை சாப்பிட்டானா என்று விசாரித்தார். சாப்பிட்டான். அப்போது பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் மாசக்கணக்கில் நடந்தான். அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த மாத்திரையையும், சாயத்திலும் பீடியிலும் இருக்கிற ஒருவகை விஷத்தையும் உடம்பு மாற்றி வெளியேற்ற வேண்டும்; அந்த வேலை சிலருக்கு வேகம், சிலருக்கு மந்தம், அது பிறவியிலேயே அமைவது என்றார். அப்பனிடமிருந்து ஒரு பங்கு, தாயிடமிருந்து ஒரு பங்கு. இரண்டில் ஒன்று வேகமாக இருந்தால் சமாளித்துக்கொள்ளும். இரண்டுமே மந்தமாக வாய்த்தவனுக்கு அந்த மாத்திரை உள்ளே தங்கிப்போய்க் கால் மரத்துவிடும். அவனுக்குப் புற்றுநோய் வந்தே தீரும் என்றில்லை. ஆனால் அவன் சாயத்தில் நின்று பீடியும் குடித்தால் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்.

"உங்ககிட்ட வேகமானது ஒண்ணு இருந்திருக்கும், அது உங்களக் காப்பாத்தியிருக்கலாம். மந்தமான இன்னொண்ணு பையனுக்குப் போயிருக்கும்" என்றார் டாக்டர்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான், தனக்கு மட்டும் ஏன் வந்தது என்று. அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உங்கம்மா பக்கம்டா. உன் மாமனும் நீரு அடைச்சித்தான செத்தான்."

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவள் ஒரு நாளும் சாயத்தொட்டிப் பக்கம் வந்தவளில்லை. அன்றிலிருந்து அண்ணன் பக்கத்தில் உட்காரவே கூசினாள். கஞ்சியைக்கூட என்னிடம் கொடுத்துத்தான் ஊட்டச் சொன்னாள். அப்பா எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் பட்டறைக்குப் போனார். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

அண்ணன் கடைசியாகக் கண் திறந்த அன்றைக்கு அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவள் பிள்ளையின் காலைப் பிடிப்பது எங்கள் பக்கம் பெரிய பாவம்.

"என் ரத்தந்தான்டா உன்னக் கொன்னுது. மன்னிச்சிடுடா" என்றாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ரத்தத்தில் பாதி அவருடையது என்று எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.