மேட்டுக்கு ஏறிய மூங்கில் வீடு

2011 ஜனவரி 12, புதன்கிழமை. விடியும்போது எத்தியோப்பியாவின் டோர்சே மலையை மூடுபனி மறைத்திருந்தது. முற்பகலில் அது விலகி, காற்றில்லாத நல்ல வெயில் அடித்தது. வீடு தூக்குவதற்கு ஏற்ற நாள்.

வீடு ஷாஷேயினுடையது. நெசவாளரான அவருடைய கணவர் அடிஸ் அபாபாவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே இறந்துவிட்டார். அதன்பின் ஷாஷே, பஞ்சு நூற்றும், ஊர் பார்க்க வரும் வெளிநாட்டினருக்குத் தம் வீட்டைக் காட்டியும் வாழ்ந்துவந்தார். கூடையைக் கவிழ்த்தாற்போல் மூங்கிலால் முடைந்த வீடு. ஒருபுறம் பசு, நடுவில் அடுப்பு. வருபவர்கள் அடுப்பருகே அமர்ந்து, அவர் சுட்டுத்தரும் புளித்த என்செத் வாழை ரொட்டியைத் தேனில் தொட்டுத் தின்பார்கள்.

சென்ற மழைக்காலத்தில், அவ்வீட்டுக்கு இறங்கும் சரிவில் ஒரு பயணி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். இனிச் சாலையோர வீடுகளை மட்டுமே காட்டுவது என்று, பயணிகளை வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்பும் ஊரின் சுற்றுலாச் சங்கம் முடிவெடுத்தது. சங்கத் தலைவர் அஞ்சுலோவிடம் ஷாஷே வாதாடவில்லை. வீட்டைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டால் தம் முறை திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். கிடைக்கும் என்றார் அஞ்சுலோ. எங்கள் ஊரில் வீடு இடம் மாறுவது புதுமையன்று.

அண்டை வீட்டு ஆண்கள் கூடினார்கள். கறையான் அரித்த அடிப்பகுதியை அறுத்தெடுத்ததும் வாசல் முன்னிலும் தாழ்ந்தது. கழிகளைச் செருகி, உள்ளேயும் வெளியேயும் நின்று தூக்கினார்கள்.

"பசுவ வெளிய ஓட்டியாச்சா அக்கா? இல்ல, அதையும் சேத்துத் தூக்கணுமா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"அது உன்ன விட நல்லா மேடு ஏறும். நீ பாத்து நட," என்றார் ஷாஷே.

வீடு பாதிவழி ஏறியபோது மேலே சாலையில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கிய பயணிகள், கால் முளைத்து நடந்த வீட்டைக் கண்டு மெய்ம்மறந்து படமெடுத்தார்கள். வீடு சாலையோரம் இறங்கியபின், அவர்களை அழைத்துவந்த வழிகாட்டி அஞ்சுலோவைத் தனியே அழைத்துப் பேசினார். வாரந்தோறும் ஒருமுறை வீட்டைக் கீழே கொண்டுபோய் மீண்டும் மேலே ஏற்றினால், அதைக் காணவே ஆட்களை அழைத்துவருவதாகச் சொன்னார். அஞ்சுலோ வந்து சொன்னதும், சுமந்தவர்களில் இளையவர்களுக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் தூக்கும்போதெல்லாம் அடிவிளிம்பு உடையும். உடைந்ததை அறுக்க வேண்டும். இன்னும் சிலமுறை அறுத்தால் அவ்வீட்டில் எவரும் நிமிர்ந்து நிற்க முடியாது.

ஷாஷே அதற்குள் உள்ளே சென்று அடுப்புக் கற்களைப் பதித்துக்கொண்டிருந்தார். அஞ்சுலோ வாசலில் குனிந்து செய்தியைச் சொன்னார்.

"வீடு உக்காந்துடுச்சு தம்பி. இனி எழுந்திருக்காது," என்றார் ஷாஷே.

"சங்கத்துப் பசங்க எல்லாரும் ஆசப்படறாங்க அக்கா. நீங்க மாட்டேன்னா, வேற வீட்டத் தூக்குவாங்க. வர்றவங்க எல்லாரும் அங்கதான் போவாங்க."

ஷாஷே சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தார்.

"அப்போ உங்களுக்கு முறை வேணாமா?"

"வேணும். வந்தவங்கள உள்ள கூட்டிட்டு வா, ரொட்டி போடறேன்."