என் ஈரல் மேல் வந்த அக்கறை

சித்திரை வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் கூடை சுமக்கிற எங்களுக்குக் கழுத்து கழுத்தாக இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தலையைத் திருப்பவே முடியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாரசிட்டமால் ஓர் அட்டை கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு ஒன்றைப் பிரித்தேன். என் வீட்டுக்காரர் அட்டையை வெடுக்கென்று பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்.

"மாத்திரை போட்டா ஈரல் வெந்துடும்டி. வலின்னா தாங்கிக்கணும்."

சொன்னவரின் இடுப்பில் குவார்ட்டர் பாட்டில். தினமும்! அடேயப்பா, என் ஈரல் மேல் என்ன அக்கறை! ராத்திரியெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தேன். விடிந்ததும் அவரையும் இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போனேன்.

"இவரு சொல்றது நெஜமா மேடம்?"

"அளவா போட்டா ஒன்னும் ஆகாதும்மா. மாத்திரையில பெரும்பங்கை ஈரலே மாத்தி ஒன்னுக்குல அனுப்பிடும். கொஞ்சூண்டுதான் விஷமா மாறும். அதை முறிக்கிற பொருளும் ஈரல்லயே இருக்குது. அளவுக்கு மேல முழுங்கினா அது தீர்ந்துபோயிடும். அப்பதான் ஈரல் கெடும்."

பிறகு டாக்டரம்மா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "தெனம் குடிச்சிட்டு சரியா சாப்பிடாதவங்களுக்கு அந்தப் பொருளே கம்மியாத்தான் இருக்கும். நீங்கதான் எங்களைக் கேட்காம போடக்கூடாது."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க" என்று வீட்டுக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்தார். அன்றே வேலைக்குப் போகவேண்டிய நான், அங்கே வாங்கிய புது அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன அளவில் போட்டேன். கழுத்து திரும்பியது. கூடையும் தூக்கினேன். என் ஈரலுக்கு ஒரு கேடும் வரவில்லை.

அதே வருஷம் ஆடி பிறந்ததும் அவருக்குக் காய்ச்சல். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. பாட்டில் மட்டும் இறங்கியது.

"தல வெடிக்குதுடி. அந்த மாத்திரையில மூணு குடு."

"மூணா? எனக்கு ஒன்னுக்கே தாங்கிக்கோன்னு சொன்ன இல்ல? இப்ப நீ தாங்கு!"

ஆத்திரத்தில் கத்திக்கொண்டே, முகத்தைப் பார்க்க அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தேன். கண் இரண்டும் மஞ்சள். என் ஈரலைக் காப்பாற்றுகிறேன் என்று வலியில் என்னைக் கிடத்திய மனிதர், தன் ஈரலை இப்படி விட்டிருக்கிறாரே! எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"சட்டையப் போடுய்யா. டாக்டரம்மாகிட்ட போலாம்."

அவர் கொடியில் சட்டையைத் தேடினார்.